சாவி யார் கையில்? ஐரோப்பிய நகரங்களில் ஆப்பிரிக்கர்களுக்கு ஒரு வீடு

லண்டன் கோவென்ட் கார்டனில், கிங் தெரு 38ஆம் எண் கட்டடம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓர் ஏலக்கூடம். ஆர்க்கிட் செடி வளர்ப்பவர்கள், வண்ணத்துப்பூச்சி சேகரிப்பவர்கள், பறவை முட்டைப் பித்தர்கள் எல்லோருக்கும் ஸ்டீவன்ஸ் ஏலக்கூடம் என்றால் தெரியும். பூண்டோடு அழிந்துபோன கிரேட் ஆக் பறவையின் முட்டைகள்கூட அங்கே விலைபோயிருக்கின்றன. அவற்றோடு, குடியேற்ற நாடுகளிலிருந்து வந்து இறங்கிய முகமூடி, ஈட்டி, சிலை என்று ‘அபூர்வப் பொருள்’ பட்டியலில் சேர்க்க முடிந்த அத்தனையும் ஏலத்துக்கு வந்தன. 1897 பிப்ரவரியில் பிரிட்டிஷ் படை, இன்றைய நைஜீரியாவின் தென்பகுதியில் இருந்த பெனின் அரசின் தலைநகரைப் பிடித்து அரண்மனையைச் சூறையாடியது. அந்தக் கொள்ளையில் போன வெண்கல வார்ப்புகளிலும் தந்தச் செதுக்கல்களிலும் ஒரு பங்கு அடுத்த சில ஆண்டுகளில் இதே ஏலக்கூடத்தில் கைமாறியது.

1964இல் அதே கதவிலக்கத்தில் ‘ஆப்பிரிக்கா சென்டர்’ திறக்கப்பட்டது. திறந்துவைத்தவர் சாம்பியாவின் முதல் அதிபர் கென்னத் கவுண்டா. இப்படி ஒரு பொருத்தத்தை யாரும் உட்கார்ந்து திட்டமிட்டிருக்க முடியாது.

ஐரோப்பிய நகரங்களில் இயங்கும் ஆப்பிரிக்கப் பண்பாட்டு மையங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மேளம், சாப்பாடு, வண்ணத்துணி, ஆண்டு விழா என்று நிறுத்திக்கொள்கிறார்கள். அவை எல்லாம் உண்டு, நன்றாகவும் இருக்கும். ஆனால் ஒரு மையம் ஏன் பிறந்தது, எப்படி ஓடியது, ஏன் மூடியது என்று தேடிப் போனால் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில்தான் போய் முட்டுகிறோம்: கட்டடம் யார் பேரில், வாடகை யார் தருகிறார்கள், சாவி யார் கையில். பண்பாட்டை எடுத்துக்காட்டுவது யார், யாருக்காகக் காட்டுகிறார்கள் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் முடிவாகிறது.

லண்டனில் இந்தக் கதை 1964க்கு நாற்பது ஆண்டு முன்பே தொடங்கிவிட்டது. 1920களில் நைஜீரியா, கோல்ட் கோஸ்ட் (இன்றைய கானா), சியரா லியோன் முதலிய நாடுகளிலிருந்து சட்டமும் மருத்துவமும் படிக்க வந்த மாணவர்களுக்குப் பாடத்தைவிடப் பெரிய தொல்லை, தங்க ஓர் அறை பிடிப்பது. கடிதத்தில் சரி என்று சொன்ன வீட்டுக்காரர்கள், ஆளை வாசலில் பார்த்ததும் ‘அறை போய்விட்டது’ என்பார்கள். இந்த நிறத்தடையைத் தடுக்க அன்றைக்குச் சட்டம் கிடையாது. பொது இடங்களில் இன வேற்றுமை காட்டுவதைத் தடுக்கும் முதல் பிரிட்டிஷ் சட்டம் 1965இல்தான் வந்தது. வீட்டு வாடகைக்கும் வேலைக்கும் அது நீட்டிக்கப்பட 1968 ஆயிற்று.

லாடிப்போ சோலங்கே என்ற, நைஜீரியாவின் யொரூபா இனச் சட்ட மாணவர் அந்த அவதியை நன்றாகவே அனுபவித்தவர். 1924இல் வெம்ப்ளியில் நடந்த பேரரசுக் கண்காட்சியில் ஆப்பிரிக்கர்களைக் காட்சிப் பொருளாக நிறுத்திய விதத்தையும், லண்டன் செய்தித்தாள் ஒன்று அதைப் பற்றி எழுதிய தரக்குறைவான கட்டுரையையும் அவர் கண்டித்து எழுதினார். மறு ஆண்டு, 1925 ஆகஸ்டில், சியரா லியோன் மருத்துவரும் அரசியல்வாதியுமான ஹெர்பர்ட் பாங்கோலே பிரைட்டோடு சேர்ந்து மேற்கு ஆப்பிரிக்க மாணவர் சங்கத்தைத் தொடங்கினார். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து வாசு என்றே எல்லோரும் அழைத்தார்கள். சங்கத்தின் முதல் குறிக்கோள்களில் ஒன்று, லண்டனில் தங்களுக்கென்று ஒரு விடுதி.

1928இல் ஜமைக்காவில் பிறந்த கறுப்பின இயக்கத் தலைவர் மார்க்கஸ் கார்வி, மேற்கு கென்சிங்டனில் தம் பொறுப்பில் இருந்த ஒரு வீட்டைச் சங்கத்துக்குச் சில காலம் விட்டுக்கொடுத்தார். அது தாங்கல்தான், நிலைக்கிற ஏற்பாடு அல்ல என்பது சோலங்கேவுக்குத் தெரியும். 1929இல் கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்கா போனவர் மூன்று ஆண்டு போல ஊர் ஊராகச் சுற்றினார். அரசர்கள், வணிகர்கள், வழக்கறிஞர்கள், ஆசிரியர்கள் என்று எல்லோரிடமும் கையேந்தினார், போகுமிடமெல்லாம் சங்கத்துக்குக் கிளைகள் அமைத்தார். அந்தப் பணத்தில் 1933இல் கேம்டன் பகுதியில் விடுதி திறந்தது. லண்டனில் நின்ற அந்த வீட்டின் முதலாளிகள், அதை ஒருபோதும் பார்க்காத லேகோஸ், அக்ரா, ஃப்ரீடவுன் மக்கள். ஒரு பண்பாட்டு மையத்துக்கு இதைவிட உறுதியான அடித்தளம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

விடுதியில் சோலங்கே காப்பாளர், அவர் மனைவி ஓபெயோலு நிர்வாகி. வேர்க்கடலைக் குழம்பு, ஜொலோஃப் சோறு என்று ஊர்ச் சாப்பாடு கிடைத்தது. குளிரில் உருளைக்கிழங்கையும் வெந்த முட்டைக்கோசையும் தின்று நாக்குச் செத்துப்போன பிள்ளைகளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று புலம்பெயர்ந்த தமிழருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சாப்பாட்டு மேசையைச் சுற்றி நடனம், விவாதம், இதழ் வெளியீடு, நாடாளுமன்ற உறுப்பினர்களோடு சந்திப்பு எல்லாம் வளர்ந்தன. பாடகரும் நடிகருமான பால் ரோப்சன் சங்கத்தின் புரவலராக இருந்தார். 1945இல் லண்டன் வந்த, பின்னாளில் கானாவின் முதல் அதிபரான குவாமே இங்க்ரூமா சங்கத்தின் துணைத் தலைவரானார்.

குடியேற்ற நாடுகளை நிர்வகித்த பிரிட்டிஷ் குடியேற்றத் துறை இதையெல்லாம் கண்டும் காணாமலும் இருக்கவில்லை. மாணவர்கள் தாங்களே நடத்தும் விடுதியில் அரசியல் புகும், அரசியலில் பொதுவுடைமை புகும் என்று அதற்குப் பயம். அதனால் 1934இல் போட்டிக்கு ஒரு வீட்டைத் திறந்தது, பெயர் ஆக்ரி ஹவுஸ். கோல்ட் கோஸ்ட்டில் எல்லோரும் மதித்த கல்வியாளர் ஜேம்ஸ் ஆக்ரியின் பெயரை வைத்ததே ஒரு சாமர்த்தியம். வசதியான அறைகள், நல்ல நூல்கள், கனிவான நிர்வாகம். அரசுதான் பின்னால் நிற்கிறது என்பதை மட்டும் வெளியே சொல்லாமல் ஓர் அறக்கட்டளையை முன்னே நிறுத்தினார்கள்.

வாசுவினர் இதை மோப்பம் பிடித்து, ஆக்ரி ஹவுஸின் உண்மை என்ன என்று துண்டுப்பிரசுரம் அடித்தார்கள், புறக்கணிக்கச் சொன்னார்கள். ‘உங்களுக்குத்தானே நல்லது செய்கிறோம்’ என்று அதிகாரிகள் வியந்ததில் நடிப்பு மட்டும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. அவர்களில் சிலர் உண்மையிலேயே அப்படி நம்பினார்கள். ஆனால் வீட்டு விதிகளை யார் எழுதுகிறார், கூட்டத்துக்கு யாரை அழைக்கலாம், யாரை வெளியே அனுப்பலாம் என்ற இடத்தில் நல்லெண்ணம் செல்லாக்காசு. பிறகு ஆக்ரி ஹவுஸிலும் அரசியல் நுழைந்தது. 1940இல் துறையே அதை இழுத்து மூடியது. இன்னொரு பக்கம், வாசு தன் விடுதியை ஓட்டப் பணம் போதாமல் 1930களின் பிற்பாதியில் அதே துறையிடமிருந்து மானியம் வாங்கிக்கொண்டது. சமரசத்தைப் பழிக்க மனம் வரவில்லை. அடுப்பெரிய நிலக்கரி வேண்டும்.

இதே ஆட்டத்தை போர்ச்சுகல் இன்னும் அப்பட்டமாக ஆடித் தோற்றது. சர்வாதிகாரி சலசாரின் ஆட்சி 1944இல் லிஸ்பனில் ‘பேரரசு மாணவர் இல்லம்’ அமைத்தது. அங்கோலா, மொசாம்பிக், கேப் வெர்டே, கினி பகுதி மாணவர்கள் ஒரே கூரையின் கீழ் இருந்தால் கண்காணிப்பதும் சுலபம், பேரரசுப் பற்றை ஊட்டுவதும் சுலபம் என்பது கணக்கு. அமில்கார் கப்ரால், அகோஸ்டின்யோ நெட்டோ, மார்செலினோ தோஸ் சாண்டோஸ் எல்லாரும் அந்த வட்டத்தில் உருவானவர்கள். பேரரசை உடைத்த இயக்கங்களின் தலைமை கிட்டத்தட்ட மொத்தமாகப் பேரரசின் செலவில் அறிமுகமாகிக்கொண்டது. 1965இல் அரசியல் காவல்துறை இல்லத்தை மூடியபோது காலம் கடந்துவிட்டது.

இந்தப் பின்னணியில் கிங் தெருவுக்குத் திரும்பலாம். ஆப்பிரிக்கா சென்டருக்கு உயிர் கொடுத்தவர் மார்கரெட் ஃபீனி என்ற கத்தோலிக்கப் பெண்மணி. 1960களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்க நாடுகள் வரிசையாக விடுதலை பெற்றுக்கொண்டிருந்தன. 1960இல் மட்டும் பதினேழு. இனிமேல் ஆட்சியாளர், ஆளப்படுபவர் என்று பேச முடியாது, சமமாக உட்கார்ந்து பேச லண்டனில் ஓர் இடம் வேண்டும் என்று அவர் நினைத்தார். திருச்சபையின் துணையோடு கட்டடம் கிடைத்தது. ‘ஆப்பிரிக்க மக்களுக்கு, என்றென்றைக்கும்’ என்ற கொடையாக அது தரப்பட்டதாக அன்றிலிருந்து சொல்லப்பட்டது. இந்த ‘என்றென்றைக்கும்’ ஐம்பது ஆண்டு கழித்துப் பெரிய வழக்காடலுக்கு இடம் கொடுக்கும்.

அந்த நாளில் கோவென்ட் கார்டன் சுற்றுலாத்தலம் கிடையாது. நகரத்தின் மொத்த விலைக் காய்கறிச் சந்தை அது. விடியற்காலையில் வண்டிகளும் அழுகின முட்டைக்கோசு இலையும் சுமைதூக்கிகளின் வசவும் நிறைந்த இடம். ஏலக்கூடம் போன பிறகு 38ஆம் எண் கட்டடம் வாழைப்பழக் கிடங்காகவும் இருந்திருக்கிறது. நகரின் நடுமையம், ஆனால் மலிவு. தூதரகங்களும் பல்கலைக்கழகமும் நடந்துபோகும் தூரம். 1964இல் லண்டனிலிருந்த ஆப்பிரிக்கர்களில் பெரும்பகுதி மாணவர்கள், தூதரக ஊழியர்கள், நாடுகடத்தப்பட்ட அரசியல்காரர்கள்தான் என்பதால் அந்த இடம் அவர்களுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது.

கீழ்த்தளத்தில் ‘கலபாஷ்’ உணவகம். மேற்கு, கிழக்கு, வடக்கு என்று கண்டத்தின் பல மூலைச் சமையலையும் ஒரே பட்டியலில் போட்ட, லண்டனின் ஆரம்பகால ஆப்பிரிக்க உணவகங்களில் ஒன்று. மேலே பெரிய கூடம், சுற்றிலும் மாடம். மொசாம்பிக் ஓவியர் மலங்கட்டானா அங்கே வந்து சுவரோவியம் தீட்டினார். பின்னாளில் ஆப்பிரிக்க நூல்களுக்கென்றே ஒரு புத்தகக்கடையும் சேர்ந்தது. நிறவெறி எதிர்ப்பு இயக்கத்தினர், ஜிம்பாப்வே, நமீபியா விடுதலை இயக்கத்தினர், நாடு திரும்ப முடியாத எழுத்தாளர்கள் எல்லோருக்கும் அது புழங்கும் இடம். தென்னாப்பிரிக்கப் பேராயர் டெஸ்மண்ட் டூட்டுவும் பின்னாளில் அந்நாட்டு அதிபரான தாபோ எம்பெக்கியும் அங்கிருந்த மதுக்கூடத்தில்தான் சந்தித்துக்கொண்டார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. நடந்ததோ இல்லையோ, அப்படி ஒரு பேச்சு எழக்கூடிய இடமாக அது இருந்தது.

1980களில் நடந்ததுதான் எனக்கு இதில் மிகச் சுவையான பகுதி. கூடத்தை வாடகைக்கு விட்டால்தான் வண்டி ஓடும் என்ற நிலை. ஜிம்பாப்வேயிலிருந்து வந்த வாலா டாங்கா ‘லிம்போபோ கிளப்’ என்ற பெயரில் ஆப்பிரிக்க இசை இரவுகளை நடத்தினார். கண்டத்தின் வாத்தியக் குழுக்கள் லண்டன் மேடையேற அது ஒரு வாசலாயிற்று. ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் ‘சோல் டு சோல்’ ஒலிபெருக்கிக் குழு கூடத்தை எடுத்துக்கொண்டது. அதன் தலைவர் ஜாஸி பி லண்டனில் பிறந்தவர், பெற்றோர் கரிபியத் தீவான ஆன்டிகுவாவிலிருந்து வந்தவர்கள். அவருக்கு ஆப்பிரிக்கா தாத்தாவுக்கும் தாத்தாவின் நினைவிலேயே எங்கோ மங்கலாகக் கிடக்கும் ஊர். வார நாளில் விடுதலை இயக்கக் கூட்டம் நடந்த அதே தரையில், ஞாயிறு இரவு கரிபியப் பிள்ளைகளும் நைஜீரியப் பிள்ளைகளும் வெள்ளைக்காரப் பிள்ளைகளும் சேர்ந்து ஆடினார்கள். பெரிய இரவு விடுதிகளின் வாசல் காவலர்கள் கறுப்பின இளைஞர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1989இல் அந்தக் குழுவின் பாடல் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது.

எந்த நிர்வாகக் குழுவும் ‘ஆப்பிரிக்கப் பண்பாட்டைப் பகிர்தல்’ என்ற தலைப்பில் இப்படி ஒரு திட்டம் போட்டிருக்காது. போட்டிருந்தால் முகமூடிக் கண்காட்சியும் கதை சொல்லும் பாட்டியும்தான் வந்திருப்பார்கள். கூடம் இருந்தது, வாடகை கட்டுப்படியானது, கதவைத் திறந்துவிட ஆள் இருந்தார். மீதியை வந்தவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

பிறகு நிலத்தின் விலை பேசத் தொடங்கியது. காய்கறிச் சந்தை 1974இல் ஆற்றுக்குத் தெற்கே நைன் எல்ம்ஸ் பகுதிக்குப் போயிற்று. பழைய சந்தைக் கட்டடம் 1980இல் கடைவீதியாக மறுபிறவி எடுத்தது. 2006இல் கேப்கோ என்ற நிலமனை நிறுவனம் அங்கே வாங்கத் தொடங்கி, தெருத் தெருவாகத் தன் பேருக்கு மாற்றியது. அழுகல் வாடை அடித்த தெருவில் உயர்தர ஆடைக்கடைகள் வந்தன. ஆப்பிரிக்கா சென்டருக்கோ கையில் காசில்லை, காலடியில் தங்கம். கூரை ஒழுகியது, மின்கம்பிகள் பழசு, வரலாற்றுச் சின்னமாகப் பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்பதால் இஷ்டத்துக்கு இடித்துக் கட்டவும் முடியாது.

2011 வாக்கில் அறங்காவலர்கள் கேப்கோவிடம் கட்டடத்தைக் கொடுக்க முடிவெடுத்தபோது பெரும் எதிர்ப்பு கிளம்பியது. கலைஞர்களும் எழுத்தாளர்களும் கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள். ‘என்றென்றைக்கும் ஆப்பிரிக்க மக்களுக்கு’ என்று கொடுத்ததை விற்க நீங்கள் யார் என்பது அவர்கள் கேள்வி. பழுதுபார்க்கவே வழியில்லாத சுவர்களைக் கட்டிக்கொண்டு அழுவதைவிட, வரும் பணத்தில் நல்ல இடம் வாங்குவதுதான் கொடையின் நோக்கத்தைக் காப்பது என்பது அறங்காவலர்கள் பதில். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒன்று உறுத்துகிறது: சோலங்கேயின் விடுதிக்கு லேகோஸிலும் அக்ராவிலும் பணம் போட்டவர்கள் இருந்தார்கள், கேட்க ஆள் இருந்தது. கிங் தெருக் கட்டடத்தின் உடைமையாளர் ‘ஆப்பிரிக்க மக்கள்’. அத்தனை கோடிப் பேர் உடைமையாளர் என்றால் கையெழுத்துப் போடும் மேசையில் யாருமே உடைமையாளர் இல்லை.

கட்டடம் கைமாறியது. அதன்பின் கிட்டத்தட்டப் பத்தாண்டு மையத்துக்கு நிலையான வாசல் இல்லை. இரவல் இடங்களிலும் தற்காலிக அரங்குகளிலும் நிகழ்ச்சி நடத்தினார்கள். 2022இல் தேம்ஸுக்குத் தெற்கே சதர்க் வட்டாரத்தில், கிரேட் சஃபோக் தெருவில், 1960களின் அலுவலகக் கட்டடம் ஒன்றைப் புதுப்பித்துத் திறந்தார்கள். லண்டன் மேயர் நிதியிலிருந்து 16 லட்சம் பவுண்டு உதவி கிடைத்தது. வடிவமைப்பு ஃப்ரீஹவுஸ் என்ற கட்டடக்கலை நிறுவனம். இங்கேயும் உணவகம், மதுக்கூடம், கண்காட்சிக் கூடம்.

இடமாற்றத்தால் இழப்பு மட்டும்தான் என்று சொல்லிவிட முடியாது. 1964இன் லண்டன் வேறு. 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தங்களைக் கறுப்பின ஆப்பிரிக்கர் என்று பதிந்தவர்கள் சுமார் 15 லட்சம் பேர், பத்தாண்டு முன்பு 10 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. லண்டனில் அவர்கள் அடர்ந்து வாழும் வட்டாரங்களில் சதர்க்கும் ஒன்று. ‘குட்டி லேகோஸ்’ என்று பேர் வாங்கிய பெக்கம் அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. ஆனால் கிரேட் சஃபோக் தெரு பெக்கம் அல்ல, அங்கிருந்து பேருந்தில் போகிற தூரம். அலுவலகங்களும் புதுக் குடியிருப்புகளும் சூழ்ந்த ஆற்றோரப் பகுதி. நகரத்துக்குக் காட்டும் முகப்பாக இருப்பதா, அக்கம்பக்கத்தார் செருப்பு மாட்டிக்கொண்டு நடந்து வரும் இடமாக இருப்பதா என்ற பழைய இழுபறியில் புதிய மையம் இன்னும் முகப்பின் பக்கமே சாய்ந்து நிற்கிறது.

அக்கம்பக்கத்தார் நடந்து வரும் மையம் எப்படி இருக்கும் என்று பார்க்க லிஸ்பனுக்குப் போக வேண்டும். நகரத்தை ஒட்டிய அமடோரா நகராட்சியில் கோவா ட மோரா என்ற குன்றுக் குடியிருப்பு இருக்கிறது. 1970களில் கேப் வெர்டேக்காரர்களும், ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகள் விடுதலையடைந்தபின் திரும்பி வந்த போர்ச்சுகீசியரும் ஆளில்லா நிலத்தில் தங்கள் கையாலேயே வீடு கட்டிக்கொண்ட இடம். ஆண்கள் கட்டட வேலைக்குப் போனவர்கள், ஆகவே ஊருக்கெல்லாம் பகலில் கட்டியதை ராத்திரியிலும் ஞாயிறிலும் தங்களுக்குக் கட்டினார்கள். பட்டா கிடையாது.

அங்கே இயங்கும் சங்கத்தின் பெயர் மொயின்யோ ட ஜுவென்டூட். 1980களின் நடுவில் குழந்தைகளுக்கான சிறு நூலகமாகவும், குழாய்த் தண்ணீரும் சாக்கடையும் கேட்ட பெண்களின் முயற்சியாகவும் தொடங்கியது. 1987இல் முறையாகப் பதிவானது. இன்றைக்கு அங்கே குழந்தைகள் காப்பகம், மாலைப் பாட வகுப்பு, வேலைக்கும் குடியுரிமைத் தாள்களுக்கும் வழிகாட்டும் மேசை, ஒலிப்பதிவுக் கூடம், சமையல்கூடம் எல்லாம் ஓடுகின்றன. காப்பகத்தின் வேலை நேரத்தை வைத்தே அந்த ஊரின் பிழைப்பைச் சொல்லிவிடலாம். லிஸ்பன் அலுவலகங்கள் திறப்பதற்குள் தரையைத் துடைத்து முடிக்க வேண்டிய தாய்மார்கள் இருட்டோடு கிளம்புகிறார்கள். ஒன்பது மணிக்குத் திறக்கும் காப்பகத்தால் அவர்களுக்கு என்ன பயன்?

அந்தப் பெண்கள்தான் ஃபின்கா பே என்ற பட்டூக்குக் குழுவிலும் இருக்கிறார்கள். பட்டூக்கு, கேப் வெர்டேயின் சாந்தியாகு தீவுப் பெண்களின் கலை. அரைவட்டமாக உட்கார்ந்து, மடித்துச் சுருட்டிய துணி மூட்டையைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு இரண்டு உள்ளங்கைகளாலும் அறைவார்கள். சத்தம் கணீரென்று வர மூட்டைக்கு மேல் பிளாஸ்டிக் உறை சுற்றுவது உண்டு. ஒருத்தி பாட்டெடுப்பாள், மற்றவர்கள் திரும்பப் பாடுவார்கள். கையடி மெல்ல மெல்ல ஏறி உச்சத்துக்குப் போகும்போது ஒருத்தி எழுந்து இடுப்பில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நடுவில் ஆடுவாள். பாட்டில் வருவது பெரும்பாலும் அன்றாடம்: கடல் கடந்து போன புருஷன், சம்பளம், அக்கம்பக்கத்துப் பேச்சு. குடியேற்ற ஆட்சியும் திருச்சபையும் இதை ஆபாசம் என்று தடுத்த காலம் உண்டு. தடுத்தவர்களின் தலைநகரத்துக்குப் பக்கத்திலேயே இப்போது அது நடக்கிறது. வெளியூர்க்காரர்கள் வந்து பார்க்கிறார்கள், சங்கமே ‘சபூரா’ என்ற பெயரில் குடியிருப்பைச் சுற்றிக்காட்டி உள்ளூர்ச் சாப்பாட்டுக் கடைகளுக்கு அழைத்துப்போகிறது. சேரி என்று செய்தித்தாளில் படித்துப் பயந்தவர்களுக்கு அதுதான் மருந்து என்பது அவர்கள் எண்ணம்.

ஜூன் மாதம் புனித யோவான் திருநாளை ஒட்டி ‘கோலா சான் ஜோன்’ ஊர்வலம். மேளம், விசில், இடுப்பில் மாட்டிய பொம்மைக் கப்பலை ஆட்டிக்கொண்டு ஒருவர், வயிற்றோடு வயிறு மோதி ஆடும் இணைகள். கோவா ட மோராவின் இந்த விழாவை 2013இல் போர்ச்சுகல் தன் தேசிய மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆப்பிரிக்கக் குடியேறிகளின் விழா ஒன்றை ‘இது நம் நாட்டின் மரபு’ என்று ஓர் ஐரோப்பிய அரசு எழுத்தில் ஒப்புக்கொண்டது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அந்த விழா நடக்கும் தெருவின் வீடுகளை இடிப்பது பற்றிய பேச்சும் அதே அதிகார வட்டாரங்களில் ஆண்டுக்கணக்காக ஓடியிருக்கிறது. ஆட்டத்துக்குப் பட்டா கிடைத்துவிட்டது, ஆடுகிறவர்கள் வீட்டுக்குக் கிடைக்கவில்லை.

இத்தகைய மையங்களைத் தாங்கும் இன்னொரு தூண் வெளியாருக்குக் கண்ணில் படாது. யொரூபாக்காரர்கள் எசூசு என்பார்கள், கானாவில் சூசு, பிரெஞ்சு பேசும் நாட்டவர்களிடம் தோன்தின். நம்மூர்ச் சீட்டேதான். மாதா மாதம் ஆளுக்கு இவ்வளவு போட்டு, முறைவைத்து ஒருவர் மொத்தமாக எடுப்பது. வங்கி கடன் தராத இடத்தில் கடைக்கு முன்பணம், ஊரில் அப்பாவின் இறுதிச் சடங்கு, விமானச்சீட்டு எல்லாம் இதிலிருந்துதான். சீட்டு நடக்கக் கூடும் இடம் வேண்டும், கூடினால் சாப்பாடு வேண்டும், சாப்பாடு இருந்தால் பாட்டு வரும். அரசு மானியத்துக்கு விண்ணப்பம் போடும்போது இந்த வரிசை தலைகீழாகிவிடும். பாட்டைத்தான் முதலில் எழுத வேண்டும், சீட்டை எழுதவே முடியாது. மானியம் நம்பி வளர்ந்த பல மையங்கள் ஆண்டு முழுக்கத் திருவிழா நடத்திக் களைத்துப்போவதற்கு இது ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

பெர்லினில் வேறொரு வழி. கறுப்பின எழுத்தாளர்களின் நூல்களை ஆயுள் முழுக்கச் சேர்த்து, ஒரு நாள் பொது நூலகமாக்க வேண்டும் என்று ஆசைப்பட்ட வேரா ஹேயர் 1995இல் இறந்தார். அவர் விட்டுச்சென்ற புத்தகங்களை மூலதனமாக வைத்து 2012இல் ‘ஈச் ஒன் டீச் ஒன்’ சங்கம் வெடிங் பகுதியில் உருவானது. அந்தப் பகுதியிலேயே ‘ஆப்பிரிக்க வட்டாரம்’ என்ற தெருக்கூட்டம் இருக்கிறது. ஆப்பிரிக்காவில் ஜெர்மானியக் குடியேற்ற ஆட்சியை நிறுவியவர்களின் பெயர் தாங்கிய அதன் சில தெருக்களுக்கு நீண்ட போராட்டத்துக்குப் பின் புதுப்பெயர் கிடைத்தது. பிரஸ்ஸல்ஸில் காங்கோ மாணவர் விடுதி ஒன்றைச் சுற்றிக் கடையும் சிகையலங்காரமுமாக வளர்ந்த மத்தோங்கே, கின்ஷாசாவின் ஒரு பேட்டையின் பெயரைத் தனக்கு வைத்துக்கொண்டது. அதன் வாசலில் உள்ள சிறு சதுக்கத்துக்கு 2018 ஜூன் 30இல், காங்கோ விடுதலை நாளில், அந்நாட்டின் முதல் பிரதமர் பாட்ரிஸ் லுமும்பா பெயர் சூட்டினார்கள். பெயர்ப்பலகைக்கு வாடகை இல்லை என்பதால் நகராட்சிகளுக்கு அது எளிது. மத்தோங்கேயின் வீட்டு வாடகை அதற்குள் ஏறிக்கொண்டிருந்தது.

பாரிசில் இப்போது நடப்பதைக் கவனிக்க வேண்டும். லா ஷப்பேல் தமிழ்க் கடைத்தெருவிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய ஷாத்தோ ரூஜ் சந்தையில் கசவா இலையும் கருவாடும் வாழைக்காயும் குவிந்து கிடக்கின்றன, அங்கே யாரும் மையம் திறந்து வைக்கத் தேவைப்படவில்லை. அரசு திறந்திருப்பது வேறொன்று. கமரூன் சிந்தனையாளர் அஷீல் எம்பெம்பே 2021இல் பிரெஞ்சு அதிபருக்குக் கொடுத்த அறிக்கையின் தொடர்ச்சியாக ‘ஆப்பிரிக்க உலகங்களின் இல்லம்’ அறிவிக்கப்பட்டது. சேன் நதிக்கரையில் உள்ள பழைய நாணயச்சாலைக் கட்டடத்தில் வைப்பதாகப் பேச்செழுந்து, அது கைகூடாமல் போய், 2025இல் பத்தாம் வட்டாரத்தில் வேறொரு இடத்தில் தொடங்கியது. நடத்துகிறவர்கள் திறமைசாலிகள், நிகழ்ச்சிகளும் பழைய முகமூடி ரகம் இல்லை. இருந்தாலும் பணம் பிரெஞ்சு அரசுடையது, அந்த அரசின் படைகள் மாலியையும் புர்கினா ஃபாசோவையும் நைஜரையும் விட்டு ஒவ்வொன்றாக வெளியேற வேண்டிவந்த அதே ஆண்டுகளில் பிறந்த திட்டம் இது. 1934இல் வாசு மாணவர்கள் ஆக்ரி ஹவுஸைப் பார்த்துக் கேட்டதைப் பாரிசின் ஆப்பிரிக்க இளைஞர்கள் இப்போது கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். அரசின் கொள்கையைக் கண்டித்து ஒரு கூட்டம் போட வேண்டுமென்றால் இந்தக் கூடம் கிடைக்குமா?